அழகுக் குறிப்புப் புத்தகம் போட்டாச்சு, அடுத்து?

பெண்களுக்கான அழகுக் குறிப்புப் புத்தகம் எழுதியவருக்கு இலக்கிய மேடையில் நாற்காலி கிடைப்பது கஷ்டம். கடையிலும் நம் புத்தகத்தைச் சமையல், கோலம், வாஸ்து வரிசையில்தான் வைப்பார்கள். என் புத்தகம் வந்த புதிதில் எனக்கும் அது கொஞ்சம் உறுத்தியது. அப்புறம் அந்த அலமாரிக்கு வருகிறவர்களைக் கவனிக்க ஆரம்பித்தேன். அவர்கள் எழுதியவர் பெயரைப் பார்ப்பதில்லை. பொருளடக்கத்தில் 'முடி உதிர்வு' எந்தப் பக்கம் என்று தேடுகிறார்கள், அங்கே போய் இரண்டு பத்தி படிக்கிறார்கள், விலையைப் பார்க்கிறார்கள். வாங்குகிறார்கள், இல்லை வைத்துவிட்டுப் போகிறார்கள். அவ்வளவுதான்.

ஆகவே நாவலுக்கும் கவிதைத் தொகுப்புக்கும் செய்கிற விளம்பரத்தை அப்படியே நாமும் செய்தால் பணமும் நேரமும்தான் போகும். தோலையும் முடியையும் பற்றிப் பெண்கள் எங்கே நின்று யோசிக்கிறார்களோ, அங்கே புத்தகம் இருக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதை ஒட்டித்தான். தமிழ்நாட்டில் சின்னப் பதிப்பகம் வழியாகவோ சொந்தமாகவோ முதல் புத்தகம் போடுகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. அச்சுக்குப் போகும் முன்பே பேசி முடியுங்கள்

விளம்பரம் என்பது புத்தகம் வந்த பிறகு தொடங்கும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். பாதி வேலை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பதிப்பாளரிடம் இவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: எழுத்தாளர் பிரதி எத்தனை? அதற்கு மேல் வேண்டுமென்றால் என்ன கழிவில் (தள்ளுபடியில்) தருவார்கள்? பத்திரிகைகளுக்கு அனுப்பும் மதிப்புரைப் பிரதி யார் கணக்கு? வெளியீட்டு விழாச் செலவு யாருடையது? மின்னூல் உரிமை யாரிடம்? நீங்களே நேரடியாக விற்கலாமா? கடைசிக் கேள்வி நம் மாதிரி புத்தகங்களுக்கு ரொம்ப முக்கியம். ஏனென்றால் இந்தப் புத்தகம் புத்தகக் கடைக்கு வெளியேதான் அதிகம் விற்கும். அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கப் போவது நீங்கள்தான்.

முதல் அச்சில் நிறையப் போட வேண்டாம். தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்த பிறகு நூறு, இருநூறு பிரதி என்று ஆரம்பிப்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. கட்டிலுக்கு அடியில் அட்டைப் பெட்டிகள் அடுக்கி வைத்திருக்கும் எழுத்தாளர்களைக் கேட்டால் மீதியைச் சொல்வார்கள்.

சொந்தமாகப் போடுகிறவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். ஐஎஸ்பிஎன் என்பது ஒவ்வொரு புத்தகத்தையும் அடையாளம் காட்டும் எண். அதை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. அதற்கென்று ஆயிரக்கணக்கில் யாராவது கேட்டால் அது அவர்களுடைய கூலி, அரசுக் கட்டணம் இல்லை. இன்னொன்று, 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டம். புத்தகம் வந்த 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, தில்லி நூலகங்களுக்கு ஆளுக்கொரு பிரதியைப் பதிப்பாளர் தம் செலவில் அனுப்ப வேண்டும். சொந்தப் பதிப்பென்றால் அந்தப் பதிப்பாளர் நீங்களே.

அட்டை பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டு வெயிலில் நடக்கிற பெண்ணுக்காக எழுதிய புத்தகத்தின் அட்டையில் ஐரோப்பிய மாடலின் முகம் இருப்பதை எத்தனை தடவை பார்த்திருப்போம். இணையத்தில் கிடைத்த படம், எடுத்துப் போட்டுவிட்டார்கள். முதலில் அது உரிமைச் சிக்கல். அதைவிட, உள்ளே 'உங்கள் நிறமே அழகு' என்று எழுதிவிட்டு வெளியே வேறொரு நிறத்தைக் காட்டுவது வாசகிக்கு உடனே தெரிந்துவிடும். தெரிந்த பெண்ணை, அவருடைய எழுத்துச் சம்மதத்தோடு, காலை வெளிச்சத்தில் நல்ல கேமராவில் படமெடுங்கள். போதும்.

பின்னட்டையில் உங்கள் படிப்பு, விருது எல்லாம் இரண்டு வரிக்குள். மீதி இடத்தில் புத்தகம் யாருக்கு என்று எழுதுங்கள். 'எண்ணெய் வழியும் முகம், பொடுகு, பிரசவத்துக்குப் பின் முடி கொட்டுதல், நாற்பதுக்கு மேல் வறண்ட தோல்' என்று பிரச்சினையின் பெயரே இருக்கட்டும். கடைசிப் பக்கங்களில் பொருட்களின் பெயரகராதி ஒன்று வையுங்கள். கஸ்தூரி மஞ்சள் எந்தெந்தப் பக்கம், வெட்டிவேர் எந்தெந்தப் பக்கம் என்று. இதை ஏன் விளம்பரக் கட்டுரையில் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். நாட்டு மருந்துக் கடைக்குப் போகும்போது தெரியும்.

2. எதைச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்யுங்கள்

'ஏழே நாளில் சிவப்பழகு' என்று போஸ்டர் போட்டால் விற்கும். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் போடாதீர்கள்.

சட்டப்படி பார்த்தாலும் இந்த இடம் வழுக்கும். மருந்து, அழகுப் பொருள் விதிகளில் ஷெட்யூல் ஜே என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் உள்ளவற்றைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது. வழுக்கை, இளநரை, தோலை வெளுப்பாக்குவது எல்லாம் அதில் வருகின்றன. விளம்பரத் தர அமைப்பான ஆஸ்கி, நிறம் குறைந்தவர்களைத் தாழ்வாகக் காட்டும் வெளுப்பு கிரீம் விளம்பரங்களுக்கு எதிராக 2014-லேயே நெறிமுறை வெளியிட்டது. 2020-இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' தன் பெயரையே 'க்ளோ அண்ட் லவ்லி' என்று மாற்றிக்கொண்டது. கோடிக்கணக்கில் விற்ற கிரீமே கைவிட்ட வார்த்தையை நாம் ஏன் புதிதாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்?

புத்தகம் மருந்து இல்லைதான். ஆனால் புத்தகத்தோடு 'என் சொந்தத் தயாரிப்பு நலங்கு மாவு' என்று ஒரு பொட்டலத்தையும் சேர்த்து விற்கத் தொடங்கினால் கதை மாறிவிடும். அழகுப் பொருள் தயாரித்து விற்க, 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். வீட்டில் அரைத்த மாவை அன்பளிப்பாகக் கொடுக்கலாமே என்று தோன்றும். ஒரு வாசகிக்கு முகம் தடித்துப்போனால் அது அன்பளிப்பா விற்பனையா என்று வாதாடிக்கொண்டிருக்க வேண்டிவரும். எழுத்தை மட்டும் விற்பது நிம்மதி.

தைரியமாகச் சொல்லக் கூடியவையும் இருக்கின்றன. 'செலவு குறைவு', 'வீட்டில் இருக்கிற பொருள்', 'எதைத் தடவக் கூடாது என்று இதில் இருக்கிறது.' இந்தக் கடைசி வரிதான் என் புத்தகத்தை அதிகம் விற்றுக்கொடுத்தது. அழகுக்கு என்ன செய்யலாம் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எதைச் செய்யாதே என்று சொல்ல ஆள் கம்மி.

3. வெளியீட்டு விழா: சின்னதாக, பெண்களோடு

நம் ஊரில் நூல் வெளியீட்டு விழாவுக்கு ஒரு வழக்கமான அச்சு உண்டு. வரவேற்புரை, வாழ்த்துரை, மறுபடி வாழ்த்துரை, சிறப்புரை, ஏற்புரை, ஒவ்வொருவருக்கும் பொன்னாடை. பெண்களின் அழகு பற்றிய புத்தகத்தை ஐந்து ஆண்கள் மேடையில் நின்று வெளியிட, எழுதியவர் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் விழாக்களுக்குப் போயிருக்கிறேன். அதில் ஒருவர் 'அழகு என்பது அகத்தில் இருப்பது' என்று முக்கால் மணி நேரம் பேசுவார். புத்தகத்தை அவர் திறந்தும் பார்த்திருக்க மாட்டார்.

சென்னையில் அண்ணா சாலை தேவநேயப் பாவாணர் நூலக அரங்கம் மாதிரி எளிய இடங்கள் உண்டு. வெளியூர்களில் மாவட்ட மைய நூலகத்தில் வாசகர் வட்டம் இருக்கும். அவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இடம் தருவார்கள். ஞாயிறு முழுநாளும் வேண்டாம், முகூர்த்த நாளும் வேண்டாம். நீங்கள் கூப்பிட நினைக்கும் பார்லர்காரர்கள் அன்றைக்கு மணப்பெண் அலங்காரத்தில் இருப்பார்கள்.

மேடைக்கு மூன்று பேர் போதும். ஒரு தோல் மருத்துவர், அனுபவமுள்ள ஓர் அழகுக் கலைஞர், கையெழுத்துப் பிரதியைப் படித்துப் பார்த்த ஒரு வாசகி. தோல் மருத்துவரைக் கூப்பிடத் தயங்காதீர்கள். அவர் உங்கள் குறிப்பு ஒன்றிரண்டை மறுத்துப் பேசலாம், பேசட்டும். அந்த உரையாடலுக்காகவே கூட்டம் எழுந்து போகாது. முதல் பிரதியை யார் பெறுவது என்பதில் பெரிய மண்டையுடைப்பு வேண்டாம். எங்கள் தெருவில் பூக்கட்டும் அக்காவிடம்தான் நான் கொடுத்தேன். முடிக்கு அவர் என்ன எண்ணெய் தேய்க்கிறார் என்று வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்ததற்கு அது ஒரு நன்றி.

பேச்சைக் குறைத்துக் கேள்வி நேரத்தைக் கூட்டுங்கள். கேள்விகளை ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். பின்னால் உதவும். வாசலில் புத்தக மேசை, சில்லறை, யுபிஐ அட்டை, பேனா. இதெல்லாம் சொல்ல வேண்டுமா என்று நினைக்காதீர்கள், பேனா இல்லாமல் கையெழுத்துக்கு வரிசை நின்ற விழாவும் உண்டு.

4. புத்தகக் கடைக்கு வெளியே

சரி, முக்கியமான இடத்துக்கு வருவோம்.

முதலில் பியூட்டி பார்லர். ஃபேஷியல் முடிய, ஹேர் கலர் பிடிக்க என்று பெண்கள் அங்கே உட்கார்ந்திருக்கும் நேரம் நிறைய. மேசையில் பழைய வார இதழ்கள்தான் கிடக்கும். ஒரு பிரதியைப் பிளாஸ்டிக் உறை போட்டு, 'படிக்க மட்டும்' என்று எழுதி இலவசமாகக் கொடுங்கள். கூடவே ஐந்து பிரதி, விற்றால் பணம் என்ற கணக்கில். புத்தகக் கடைக்குத் தருகிற அதே கழிவைப் பார்லருக்கும் கொடுங்கள். அவர்களும் வியாபாரிகள்தான், உங்கள் மேல் உள்ள பாசத்துக்காக விற்க மாட்டார்கள்.

அவர்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி எனக்கு மனப்பாடம். "ஏங்க, இந்தப் புக்கைப் படிச்சிட்டு எல்லாரும் வீட்டிலேயே பண்ணிக்கிட்டா என் கடைக்கு யாரு வருவா?" நியாயமான பயம். இதற்குப் பதில் வாயில் இல்லை, புத்தகத்தில் இருக்க வேண்டும். பிளீச்சிங், முடி நேராக்கும் ரசாயனச் சிகிச்சை, திரெடிங் மாதிரி வேலைகளைப் பழகியவரிடம்தான் செய்துகொள்ள வேண்டும் என்று ஒரு அத்தியாயம் என் புத்தகத்தில் இருக்கிறது. இப்படிக் கேட்ட ஒரு பார்லர்காரரிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். "இதை நாங்க சொன்னா காசுக்குச் சொல்றோம்னு நினைப்பாங்க, நீங்க சொல்லியிருக்கீங்க" என்று சிரித்துவிட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

பார்லர்களுக்குப் போக நல்ல மாதம் ஆடி. கல்யாணம் இருக்காது, கடையில் ஆள் குறைவு, உட்காரவைத்துக் காபி கொடுத்துப் பேசுவார்கள். ஆவணியில் போனால் தலையைக்கூட நிமிர மாட்டார்கள். ஆடியில் வைத்த புத்தகம் ஆவணி முகூர்த்தக் கூட்டத்தில் விற்கும்.

அடுத்தது நாட்டு மருந்துக் கடை. என் கணக்கில் இதுதான் புதையல். குளியல் பொடிக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று பாதி ஞாபகத்தோடு வந்து, "அந்தக் கிழங்கு பேரு என்னண்ணே?" என்று கேட்கும் பெண்களைத் தினமும் பார்க்கலாம். உள்ளங்கை அகலச் சீட்டு ஒன்று அச்சிடுங்கள். ஒரு பக்கம் சாமான் பட்டியல்: பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், காய்ந்த ரோஜா இதழ், அளவோடு. மறுபக்கம் புத்தகத்தின் பெயர், விலை, எங்கே கிடைக்கும். கடைக்காரர் கல்லாவில் ஒரு கட்டு வைத்துவிடுங்கள். அவருக்கு வேலை மிச்சம், சீட்டைப் பார்த்துக் கட்டிக் கொடுத்துவிடுவார். புத்தகம் ஒன்றிரண்டு அங்கேயே தொங்கினாலும் நல்லது. போஸ்டர், பேனருக்கு ஆகும் செலவை எண்ணிப் பார்த்தால் இந்தச் சீட்டு ஒன்றுமே இல்லை.

சீட்டில் போடும் பொருளில் மட்டும் கவனம். உதாரணமாக, பல வீட்டுப் பட்டியல்களில் கார்போகரிசி இருக்கும். அதில் சோரலென் என்ற பொருள் உண்டு. பூசிக்கொண்டு வெயிலில் போனால் சிலருக்குத் தோல் சிவந்து கொப்புளம் வரும், அப்புறம் கறுக்கும். எச்சரிக்கை எழுத இடமில்லாத சீட்டில் இப்படிப்பட்ட பொருளைச் சேர்க்கவே கூடாது. புத்தகத்துக்குள் விளக்கத்தோடு இருக்கட்டும்.

கல்யாணம், வளைகாப்பு, நவராத்திரி. தாம்பூலப் பையில் பிளாஸ்டிக் டப்பா போடுகிற செலவில் சின்னப் புத்தகம் போடலாம் என்று சொன்னால் கேட்கிறார்கள். மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு விலையைக் குறைத்துக் கொடுங்கள், முதல் பக்கத்தில் அவர்கள் வீட்டு விசேஷத்தின் பெயரை ரப்பர் ஸ்டாம்பாகக் குத்திக் கொடுங்கள். வளைகாப்புக்குக் கேட்டால் ஒரு நிமிடம் யோசியுங்கள். கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டியவை புத்தகத்தில் தெளிவாக இல்லாவிட்டால் அந்த ஆர்டரை வேண்டாம் என்று சொல்வதே மேல்.

பெண்கள் கல்லூரிகள் மார்ச் 8 மகளிர் தினத்துக்கு ஆள் தேடுவார்கள். ஜனவரி கடைசியிலேயே கடிதம் போடுங்கள். மனையியல் துறை இருந்தால் அங்கே முதலில். மாணவிகளிடம் புத்தகத்தை விற்கப் பார்க்காதீர்கள், கையில் காசு இருக்காது. நூலகத்துக்கு இரண்டு பிரதி வாங்கச் சொல்லுங்கள். ஐடிஐ-களில் அழகுக்கலைப் பயிற்சி உண்டு, அங்கே படிக்கும் பெண்கள் நாளைக்குப் பார்லர் வைக்கப் போகிறவர்கள். மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டங்களில் பத்து நிமிடம் பேசக் கேட்டால் இடம் கிடைக்கும். விற்பனை அங்கே மெதுவாகத்தான் நடக்கும். ஒரு பிரதி பத்து வீடு சுற்றும், பரவாயில்லை.

5. மதிப்புரை

நாளிதழ்களின் ஞாயிறு நூல் பக்கத்துக்கு அனுப்பலாம், ஆனால் அங்கே வரிசை நீளம். அழகுக் குறிப்புக்குப் பொருத்தமான இடம் பெண்கள் இணைப்புகளும் இதழ்களும். இந்து தமிழ் திசையின் 'பெண் இன்று', தினமணியின் 'மகளிர்மணி', அவள் விகடன், குங்குமம் தோழி என்று இருக்கின்றன. வெறும் புத்தகத்தை அனுப்பி 'மதிப்புரை வேண்டுகிறேன்' என்று கேட்பதைவிட, பருவத்துக்கேற்ற ஒரு குட்டிக் கட்டுரையும் சேர்த்து அனுப்புங்கள். பங்குனி வெயிலுக்கு வியர்க்குரு, ஐப்பசி மழைக்குக் கால் விரலிடுக்குப் புண். அச்சாகும் மாதத்துக்கு இரண்டு மாதம் முன்பே அனுப்பினால்தான் அவர்களுக்கு உதவும். கட்டுரை வந்தால் அடியில் உங்கள் பெயரும் புத்தகத்தின் பெயரும் வரும். மதிப்புரையைவிட அது நன்றாக வேலை செய்யும்.

அமேசானில் மதிப்புரை போடச் சொல்லி அத்தை, சித்தி, மாமியார் எல்லோரையும் கிளப்பாதீர்கள். குடும்பத்தினர் எழுதுவதையும் பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு எழுதுவதையும் அந்தத் தளம் அனுமதிப்பதில்லை, கண்டுபிடித்தால் நீக்கிவிடும். நிஜமாகப் படித்தவர்களிடம் 'ரெண்டு வரி எழுதுங்களேன்' என்று கேட்பதில் தப்பில்லை.

6. கைபேசியில்

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், இன்ஸ்டாகிராம், யூடியூப். மூன்றையும் ஒரே நாளில் தொடங்கி மூன்றிலும் களைத்துப் போகாதீர்கள். பேசத் தயக்கமில்லாதவர் யூடியூப். படமெடுக்கப் பிடித்தவர் இன்ஸ்டாகிராம். எதுவுமே வேண்டாமென்றால் வாட்ஸ்அப் போதும், அப்பார்ட்மென்ட் குழு, பள்ளிக்கூட அம்மாக்கள் குழு என்று பெண்கள் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறார்கள். குழுவில் 'என் புத்தகம் வாங்குங்கள்' என்று போட்டால் கட்டைவிரல் பொம்மை பத்து வரும், ஆர்டர் வராது. ஒரு பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கள். 'பொடுகுக்கு எலுமிச்சை தேய்க்கலாமா?' என்று யாராவது கேட்பார்கள். அங்கிருந்துதான் பேச்சு தொடங்கும்.

'முன்பு - பின்பு' படங்கள் வேண்டவே வேண்டாம். காசு கொடுத்துப் போடும் விளம்பரங்களில் இப்படிப்பட்ட படங்கள் பெரும்பாலும் நிராகரிக்கப்படும். அதைவிட, வெளிச்சத்தை மாற்றி எடுத்த இரண்டு படங்கள் என்பது இன்றைக்குப் பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கே தெரியும்.

கொஞ்சம் பெயர் வந்ததும் ஏதாவது ஒரு கிரீம் கம்பெனி தேடி வரும். மொத்தமாகப் பிரதிகள் வாங்கிக்கொள்கிறோம், உள்ளே ஒரு பக்கம் எங்கள் விளம்பரம், வீடியோவில் ஒரு வார்த்தை என்பார்கள். ஆசையாகத்தான் இருக்கும். எனக்கு வந்தபோது நான் வேண்டாம் என்றேன், 'எதைத் தடவக் கூடாது' என்று எழுதிய ஆள் அதே கையால் ஒன்றைத் தடவச் சொன்னால் புத்தகமே செத்துவிடும் என்பது என் எண்ணம். நீங்கள் ஒப்புக்கொள்வதானால் மறைக்காதீர்கள். காசோ பொருளோ வாங்கிக்கொண்டு ஒன்றைப் பரிந்துரைத்தால் அது விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என 2023 ஜனவரியில் மத்திய அரசின் நுகர்வோர் துறை வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. அதையும் நீங்கள் பேசுகிற மொழியிலேயே சொல்ல வேண்டும். தமிழ் வீடியோவில் மூலையில் பொடி எழுத்தில் ஆங்கிலச் சொல் ஒன்றைப் போட்டுத் தப்பிக்க முடியாது.

7. புத்தகக் காட்சிகள்

சென்னைப் புத்தகக் காட்சி 1977-இல் தொடங்கியது. புத்தக விற்பனையாளர்கள், பதிப்பாளர்கள் சங்கமான பபாசி நடத்துகிறது, பொங்கலை ஒட்டி நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில். ஜூலையில் கோவை, நெய்வேலி, ஆகஸ்டில் ஈரோடு என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று நடக்கும். 2022 முதல் தமிழக அரசும் மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடத்துகிறது. முதல் புத்தகக்காரர்களுக்கு நான் சொல்வது, சென்னையைவிட உங்கள் மாவட்டத் திருவிழாவுக்கு அதிக நேரம் கொடுங்கள். சென்னையில் நூற்றுக்கணக்கான அரங்குகளுக்கு நடுவே நீங்கள் யாரோ. உங்கள் ஊரில் 'நம்ம டீச்சர் எழுதியது', 'நம்ம ஏரியா அக்கா எழுதியது'.

உங்கள் பதிப்பாளருக்கு அரங்கு இருந்தால் சனி, ஞாயிறு மாலையில் போய் நில்லுங்கள். உட்காராதீர்கள். பல பதிப்பகங்களின் புத்தகங்களை வைத்து விற்கும் பொதுவான அரங்குகளிலும் உங்கள் புத்தகம் இருக்கிறதா என்று பதிப்பாளரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். அங்கே நம் புத்தகம் சமையல் வரிசையில் இருந்தால் சந்தோஷப்படுங்கள், இலக்கிய வரிசைக்கு மாற்றச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். குடும்பத்தோடு வருகிற பெண்கள் குழந்தைகள் புத்தகத்துக்கும் சமையல் புத்தகத்துக்கும் நடுவில்தான் நிற்பார்கள். காட்சியில் பத்து சதவீதக் கழிவு வழக்கம். விலையை நூற்றைம்பதுக்குள் வைத்தால் கணவரைக் கேட்காமலே வாங்குகிறார்கள். இப்படிச் சொல்ல எனக்கே பிடிக்கவில்லை, ஆனால் அரங்கில் நின்று பார்த்தது அதுதான்.

8. மேடையில், மேசையில் வரும் கேள்விகள்

இதற்குத் தயாராகாமல் போகவே கூடாது. புத்தகம் போட்டதும் உங்களை டாக்டராக ஆக்கிவிடுவார்கள். கன்னத்தைக் காட்டி "இது என்ன மங்குங்களா?" என்று கேட்பார்கள். உங்களுக்குத் தெரிந்தாலும் நோயின் பெயர் சொல்லாதீர்கள்.

அதிகம் வரும் ஒன்று: 'மெடிக்கல்ல ஒரு கிரீம் வாங்கிப் போட்டேன், முதல்ல வெளுத்துச்சு, இப்போ நிறுத்தினா முகம் சிவந்து எரியுது.' பெரும்பாலும் அது ஸ்டீராய்டு கலந்த கிரீமாக இருக்கும். 2018-இல் இப்படிப்பட்ட கிரீம்கள் பலவற்றை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசு கொண்டுவந்தது. ஆனாலும் பக்கத்து வீட்டார் சொன்னார்கள், தோழி சொன்னாள் என்று வாங்கிப் பூசுவது நிற்கவில்லை. இவர்களுக்குக் கடலை மாவையோ கற்றாழையையோ சொல்லி அனுப்புவது தப்பு. "அந்த ட்யூபை எடுத்துக்கிட்டு தோல் டாக்டர்கிட்ட போங்க, மறைக்காம சொல்லுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது, கட்டணம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நிறைய பேருக்கு அது தெரிவதில்லை.

அடுத்தது தலைமுடிச் சாயம். கறுப்பு மருதாணி என்று விற்பவை பலவற்றில் பிபிடி என்ற ரசாயனம் இருக்கும், சிலருக்குக் கடுமையாக ஒவ்வாது. பூசுவதற்கு 48 மணி நேரம் முன்பு காதுக்குப் பின்னால் துளி வைத்துப் பார்க்கும் பழக்கத்தைச் சொல்லிக் கொடுங்கள். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவிக்கொண்டு வெயிலில் போகாதீர்கள் என்பதையும் எத்தனை முறை சொன்னாலும் தகும்.

இன்னொரு கேள்வி வரும், அது குறிப்பைக் கேட்பதல்ல. "பொண்ணு பார்க்க வர்றாங்க, கொஞ்சம் கலராகணும், ஏதாவது சொல்லுங்க." அம்மா கேட்பார், பெண் பக்கத்தில் தலைகுனிந்து நிற்பாள். அங்கே பிரசங்கம் செய்ய ஆரம்பித்தால் அம்மா கோபித்துக்கொண்டு போய்விடுவார். நான் அந்தப் பெண்ணிடம் நேராகப் பேசிவிடுவேன். "நிறத்தை மாத்த எந்தக் குறிப்பும் இதுல இல்லம்மா. நீ என்ன படிக்கிற?" என்று. சில அம்மாக்கள் புத்தகத்தை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். போகட்டும்.

9. தபால், நூலகம், கணக்கு

தபாலில் அனுப்ப, 2025 மே மாதம் அஞ்சல் துறை கொண்டுவந்த ஞான் போஸ்ட் சேவையைக் கேட்டுப் பாருங்கள். 300 கிராம் வரை 20 ரூபாயில் தொடங்கி, 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகப் போவதால் கொஞ்சம் தாமதமாகும். கல்வி, பண்பாட்டு நூல்களுக்கான சேவை அது, உங்கள் புத்தகத்தை ஏற்பார்களா என்று கவுண்டரில் ஒரு பிரதியைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். புத்தகத்துக்குள் கம்பெனி விளம்பரம் இருந்தால் ஏற்க மாட்டார்கள். கிரீம் கம்பெனிக்குப் பக்கம் விற்காமல் இருக்க இன்னொரு காரணம்.

அரசு நூலகக் கொள்முதலுக்குப் பதிப்பாளர்தான் பொது நூலகத் துறைக்கு இணையவழியில் விண்ணப்பிக்க வேண்டும். அறிவிப்பு வரும்போது ஞாபகப்படுத்துங்கள். தமிழ் வளர்ச்சித் துறையின் சிறந்த நூல் பரிசுக்கும் ஒரு கண் வைத்திருங்கள், நலவியலுக்கும் அதில் ஒரு வகைப்பாடு இருக்கிறது.

கணக்குக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். எந்தக் கடை, எத்தனை பிரதி, எந்தத் தேதி, எவ்வளவு வந்தது. பார்லரில் வைத்த பிரதிகளை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். விற்காமல் அழுக்கானால் திரும்ப எடுத்து 'படிக்க மட்டும்' பிரதியாக வேறு கடைக்குக் கொடுங்கள். பணம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். மறந்திருப்பார்களே தவிர, ஏமாற்ற நினைப்பவர்கள் இந்தத் தொழிலில் குறைவு.

நோட்டின் பின்பக்கத்திலிருந்து வாசகிகளின் கேள்விகளை எழுதிக்கொண்டே வாருங்கள், விழாவில் எழுதி வைத்தவற்றையும் சேர்த்து. ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால் அது புத்தகத்தில் இல்லை, அல்லது தெளிவாக இல்லை என்று அர்த்தம். முதல் அச்சு தீர்ந்ததும் அப்படியே மறுஅச்சுக்குக் கொடுக்காமல் அவற்றையும் சேர்த்துத் திருத்திய பதிப்பாகப் போடுங்கள். அட்டையில் 'திருத்திய இரண்டாம் பதிப்பு' என்று இருந்தால் நாட்டு மருந்துக் கடைக்காரரே பழைய சீட்டை எடுத்துவிட்டுப் புதிய சீட்டுக் கேட்பார். அப்படித் திருத்திப் போடும்போது ஐஎஸ்பிஎன் புதிதாக வாங்க வேண்டும், வெறும் மறுஅச்சுக்குப் பழைய எண்ணே போதும்.